ஃபிரெட்டர்னிட்டியில் சேரலாமா, எதில் சேரலாம்: அக்கா பையனுக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு

போன புதன்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, எனக்கு பிட் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க." திருச்சியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கிற ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. குரலில் அவ்வளவு சந்தோஷம். ஆறு வாரமாக டார்ம் என்கிற விடுதி அறை, வகுப்பு, சாப்பாட்டுக்கூடம் என்று தனியாகத் திரிந்தவனை நாற்பது பேர் சேர்ந்து "நீ எங்களோட ஆளு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதே சமயம் பயமும் வந்தது.

ஃபிரெட்டர்னிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண் மாணவர்கள் சேருகிற சகோதரச் சங்கம், பிட் என்பது அது கொடுக்கும் அழைப்பு. செமஸ்டர் தொடக்கத்தில் ரஷ் என்று ஒன்று நடக்கும். ஒவ்வொரு சங்கமும் தன் வீட்டில் பார்பிக்யூ போடும், வீடியோ கேம் வைக்கும், பையன்கள் போய்ப் பேசிப் பழகுவார்கள், பிடித்தவர்களுக்கு பிட் கொடுப்பார்கள். ஒப்புக்கொண்டால் நீ பிளெட்ஜ், அதாவது புது ஆள். சில வாரம் கழித்துச் சடங்கு நடத்தி முழு உறுப்பினராக்குவார்கள். பெண்களுக்கு இதேபோல் இருப்பது சொராரிட்டி. முன்பெல்லாம் நம் ஊரிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் எம்.எஸ். படிக்க வந்தார்கள், அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் இந்தச் சங்கங்கள் அனேகமாக இளநிலை மாணவர்களுக்கானவை. இப்போது பிளஸ் டூ முடித்து நேராக வருகிறவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இருப்பதால் பல வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடுகிறது.

அவன் முன்னால் நான்கு வழி இருந்தது. பிட் கொடுத்திருக்கிற, உறுப்பினர்கள் சேர்ந்து தங்கச் சொந்த வீடு வைத்திருக்கிற பழைய சங்கம் ஒன்று. தெற்காசிய மாணவர்களின் ஃபிரெட்டர்னிட்டி ஒன்று, அங்கேயும் இரண்டு பேர் இவனிடம் பேசியிருக்கிறார்கள். லேபில் இவனோடு சேர்ந்து வேலை செய்யும் பெண் சனிக்கிழமை வரச் சொன்ன ஆல்ஃபா ஃபை ஒமேகா என்கிற சேவைச் சங்கம். நான்காவது, எதிலும் சேராமல் இருப்பது. அன்று ராத்திரி அவனிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எல்லா ஃபிரெட்டர்னிட்டிக்கும் விழுமியங்கள் உண்டு, எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நட்பு, கல்வி, ஒழுக்கம், சேவை, சகோதரத்துவம். இணையத்தில் பத்து சங்கங்களின் கொள்கைப் பக்கத்தை எடுத்துப் பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தால் எது யாருடையது என்று அவர்களாலேயே சொல்ல முடியாது. அதனால் அந்தப் பக்கத்தை வைத்து ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை. புதிதாக வந்தவனை முதல் எட்டு வாரம் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஒப்பிடுவேன். பலம் இல்லாதவன் ஒருத்தன் கையில் கிடைக்கும்போது என்ன செய்கிறார்களோ அதுதான் அவர்களுடைய கொள்கை.

இந்த வழக்கம் ரொம்பப் பழசு. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா காப்பா என்ற ரகசியச் சங்கம் தொடங்கியது. அந்த மூன்று கிரேக்க எழுத்தும் அவர்களுடைய குறிக்கோள் வாசகத்தின் முதலெழுத்துகள், மெய்யறிவே வாழ்க்கைக்கு வழிகாட்டி என்பது அதன் பொருள். பின்னாளில் அது நன்றாகப் படிக்கிறவர்களை கௌரவிக்கும் சங்கமாகிவிட்டது, ஆனால் கிரேக்க எழுத்து, ரகசியக் கைகுலுக்கல், சடங்கு எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். இன்றைக்கு நாம் பார்க்கும் வகை ஃபிரெட்டர்னிட்டிகள் நியூயார்க் மாநிலத்தில் யூனியன் கல்லூரியில் 1825-ல் காப்பா ஆல்ஃபா சொசைட்டியோடு ஆரம்பித்தன. ஒஹையோவில் மயாமி பல்கலைக்கழகத்தில் 1839-ல் பீட்டா தீட்டா பை, 1848-ல் ஃபை டெல்டா தீட்டா, 1855-ல் சிக்மா கை என்று வரிசையாக வந்தன. வெள்ளைக்காரக் கிறிஸ்தவ ஆண்கள் மட்டும் என்று விதியே எழுதி வைத்திருந்த சங்கங்கள் ஏராளம். 1948-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஃபை காப்பா சையின் கிளை ஒரு கறுப்பின மாணவனைச் சேர்த்தது, அதற்காகத் தலைமை அந்தக் கிளையையே வெளியேற்றியது. சகோதரத்துவம் என்று எழுதி வைத்துக்கொண்டே செய்தார்கள்.

சரி, முதல் வழிக்கு வருவோம். பழைய சங்கம், சொந்த வீடு. இதில் இருக்கிற நல்லதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நாற்பதாயிரம் பேர் படிக்கிற இடத்தில் பதினெட்டு வயசுப் பையனுக்கு ஒரு வாசல் கிடைக்கிறது. சாப்பாட்டு மேசையில் பத்து பேர் இருப்பார்கள், போன வருஷம் அதே பாடத்தைப் படித்த சீனியர் பக்கத்து அறையில் இருப்பான், வேலை தேடும்போது முப்பது வருஷம் முன்னால் அதே வீட்டில் இருந்த ஒருத்தர் போனை எடுப்பார். இன்னொன்றும் இருக்கிறது. இருபது வயசில் ஒரு பையன் அந்த வீட்டின் பொருளாளராக இருந்து நாற்பது பேருடைய வாடகை, சமையல்காரர் சம்பளம், உடைந்த பாய்லர், காப்பீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான். அந்தப் பொறுப்பை எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்காது. நான் வேலை செய்த இடங்களில் கூட்டத்தை நடத்தத் தெரிந்தவர்கள், பேச வேண்டிய இடத்தில் எழுந்து பேசுகிறவர்கள் பலர் இந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான்.

இப்போது மறுபக்கம். நான் 2003-ல் இங்கே முதல் வருஷம் சேர்ந்தேன், பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். என் ரூம்மேட் ஒரு சங்கத்தில் பிளெட்ஜாகச் சேர்ந்தான். நல்ல பையன், விவசாயக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் பேசுவான். இரண்டாவது வாரத்திலிருந்து ராத்திரி மூன்று மணிக்கு வர ஆரம்பித்தான். ஒரு நாள் லேப் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தபோது வலது கை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கீபோர்டில் வைக்காமல் மற்ற விரல்களால் தடவித் தடவி அடிப்பதைப் பார்த்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு விரல் நுனியும் கறுத்துப்போய், கட்டைவிரலில் பட்டாணி அளவுக்குக் கொப்புளம். தீக்குச்சியைப் பற்றவைத்து, அது எரிந்து முடிவதற்குள் இருபத்து நாலு கிரேக்க எழுத்தையும் ஒப்பிக்க வேண்டுமாம், தப்பு வந்தால் அடுத்த குச்சி. "வலிக்கலையா?" என்றேன். "எல்லாரும் செஞ்சிருக்காங்க" என்றான். அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு அது பதிலே இல்லை.

இதற்கு இங்கே ஹேசிங் என்று பெயர். நமக்குத் தெரிந்த ராகிங்தான், ஒரு வித்தியாசத்தோடு. நம் ஊரில் ராகிங் கல்லூரிக்குள் காலடி வைத்த எல்லோர் மேலும் விழுந்தது. 1996-ல் பொன். நாவரசு கொலைக்குப் பிறகு 1997-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. ஹேசிங் அப்படி வந்து விழுவதில்லை, சேர வேண்டுமென்று நீயே போய் நிற்கிறாய். "பிடிக்கலைன்னா போயிடலாமே" என்று அவர்கள் சொல்வார்கள், சட்டப்படி அது உண்மையும்கூட. ஆனால் ஐந்து வாரம் பொறுத்துக்கொண்டவன் ஆறாவது வாரம் விட்டுவிட்டு வரமாட்டான், பட்டதெல்லாம் வீணாகிவிடுமே என்று நினைப்பான். இந்த ஏற்பாடு முழுக்க அந்த நினைப்பின் மேல்தான் நிற்கிறது.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பீட்டா தீட்டா பை வீட்டில் நடந்ததை அமெரிக்காவே பார்த்தது. திமதி பியாட்ஸா, பத்தொன்பது வயசு, அன்றைக்குத்தான் பிட்டை ஏற்றுக்கொண்டவன். வரிசையாகக் குடிக்க வைத்தார்கள், நிலவறைப் படிக்கட்டில் தலைகுப்புற விழுந்தான். கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் யாரும் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கவில்லை, அவன் இறந்துபோனான். இவ்வளவுக்கும் அது மது கூடாது என்று அறிவிக்கப்பட்ட வீடு. அந்தச் சங்கத்தின் விழுமியங்களில் பரஸ்பர உதவி என்று ஒன்று இருக்கிறது. படிக்கட்டுக்குக் கீழே கிடப்பவனுக்காக ஒரு போன் போடுவதைவிடப் பரஸ்பர உதவிக்கு வேறு என்ன அர்த்தம்?

அதே வருஷம் செப்டம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது என்னை இன்னும் அதிகமாக உலுக்கியது. ஃபை டெல்டா தீட்டா சங்கம் 2000-லிருந்தே தன் வீடுகளில் மதுவைத் தடை செய்தது, நட்பு, நல்ல கல்வி, நேர்மை என்பவை அதன் மூன்று அடிப்படைகள். அங்கே புது ஆட்களை நிற்க வைத்து, சங்கத்தின் வரலாறு, கிரேக்க எழுத்து என்று கேள்வி கேட்டார்கள், தப்பாகச் சொன்னால் குடிக்க வேண்டும். மேக்ஸ் க்ரூவர் என்ற பதினெட்டு வயசுப் பையன் மறுநாள் இறந்துபோனான். விழுமியங்களைப் படி, வரலாற்றைப் படி என்று சொன்னது எதற்காக என்று பாருங்கள். மனப்பாடம் அங்கே தண்டனைக்கான சாக்கு. அதனால்தான் "எங்க சங்கத்தோட வேல்யூஸ் எல்லாம் கத்துக்கணும் மாமா, அதுக்குத்தான் எட்டு வாரம்" என்று இவன் சொன்னபோது, யார் கற்றுக்கொடுப்பார்கள், எந்த நேரத்தில், எந்த அறையில், தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

எல்லாப் பழைய சங்கமும் இப்படித்தான் என்று சொன்னால் அது அநியாயம். பிளெட்ஜ் காலமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். யூத மாணவர்கள் தொடங்கிய ஸீட்டா பீட்டா டவ் 1989-லேயே அதை ஒழித்தது, பெயர் கெட்டுப்போன சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-ல் ஒழித்தது. டெல்டா அப்சிலான் 1834-ல் தொடங்கும்போதே ரகசியம் வேண்டாம் என்று சொல்லித் தொடங்கியது, அவர்களுடைய சேர்ப்புச் சடங்கை வெளியாட்கள்கூடப் பார்க்கலாம். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது. அம்மா அப்பா வந்து உட்கார்ந்து பார்க்கக்கூடிய சடங்கில் யாரும் யாருடைய விரலையும் சுடமாட்டார்கள். ஆனால் தலைமை போடும் விதி ஒன்று, கிளை நடந்துகொள்ளும் விதம் வேறு, மேலே சொன்ன இரண்டு வீட்டிலும் விதி இருந்தது.

இரண்டாவது வழி, தெற்காசியச் சங்கங்கள். இவை பெரும்பாலும் 1990-களில் வந்தவை. 1994-ல் நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டனில் ஐயோட்டா நூ டெல்டா, 1996-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோ, 1998-ல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை, 1999-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பீட்டா கை தீட்டா. 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்த காலம் அது. வெள்ளைக்கார வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கப் பிடிக்காமல் தாங்களே தொடங்கிக்கொண்டார்கள். பெரும்பாலும் சொந்த வீடு கிடையாது, செலவு குறைவு, கூட்டம் சின்னது. ஒரு வருஷத்துக்கு ஐந்தாறு பேர் சேரும் இடத்தில் நெருக்கமும் அதிகம். வீட்டில் அப்பா அம்மா சண்டை, தங்கச்சி கல்யாணம், விசா டென்ஷன் என்று எதைச் சொன்னாலும் விளக்கம் தேவைப்படாமல் புரிந்துகொள்கிற ஆட்கள் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

திருச்சியிலிருந்து வந்தவனுக்கு அங்கே ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே இருக்கும் பலர் இங்கேயே பிறந்தவர்கள், குஜராத்தி, பஞ்சாபி வீடுகள் அதிகம், பாட்டு இந்தி, ஆட்டம் பாங்ரா. தெற்காசியம் என்ற சொல்லுக்குள் தமிழும் இருக்கிறது என்றாலும், ஊரிலிருந்து நேராக வந்தவனை அவர்கள் வேறு மாதிரி பார்ப்பதும் நடக்கும். பழகினால் சரியாகிவிடும், ஆனால் நம்ம ஆளுங்க என்று கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது.

இந்தச் சங்கங்களின் நடைமுறைகள் நிறைய கறுப்பின மாணவர்களின் சங்கங்களிலிருந்து வந்தவை. சேருகிறவர்களை லைன் என்பார்கள், முடிந்ததும் எல்லார் முன்னாலும் ஒரு அறிமுக நிகழ்ச்சி வைப்பார்கள். அந்தக் கறுப்பினச் சங்கங்களின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் ஃபிரெட்டர்னிட்டி பற்றிப் பேசவே கூடாது என்பேன். 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளாத ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். சேர்ந்து படிக்கவும் ஒருத்தரை ஒருத்தர் தாங்கிக்கொள்ளவும்தான் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் இருவரும் அதன் உறுப்பினர்கள். வாஷிங்டனில் 2011-ல் திறந்த கிங் நினைவிடத்துக்கு முதலில் முயற்சி எடுத்ததும் அந்தச் சங்கம்தான். அங்கே பட்டம் வாங்கியதோடு உறவு முடிவதில்லை, அறுபது வயசிலும் கிளைக் கூட்டத்துக்குப் போகிறார்கள். பெண்களின் சங்கமான ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நம்ம துளசேந்திரபுரத்துக்காரரின் பேத்தி கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படிக்கும்போது அதில்தான் சேர்ந்தார், 2020-ல் அவர் துணை அதிபர் பதவிக்கு நின்றபோது அந்தச் சகோதரிகள் சங்கம் தொடங்கிய வருஷத்தை நினைத்து 19 டாலர் 8 சென்ட் என்று நன்கொடை அனுப்பினார்கள். இப்படி ஒரு தேவையிலிருந்து பிறந்த சங்கத்தில் விழுமியம் என்ற சொல்லுக்கு எடை இருக்கிறது.

ஆனால் நிறம் ஒன்றாக இருப்பதாலேயே ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2013 டிசம்பரில் பை டெல்டா சை என்ற ஆசிய மாணவர் சங்கம் நியூயார்க்கிலிருந்து புது ஆட்களை பென்சில்வேனியாவின் போகனோ மலைக்கு ஒரு வாடகை வீட்டுக்குக் கூட்டிப்போனது. கண்ணைக் கட்டி, மணல் நிறைத்த பையை முதுகில் மாட்டி, பனியில் நடக்க வைத்துக் கீழே தள்ளினார்கள். ஆசியர்கள் இந்த நாட்டில் படும் பாட்டை உணர்த்தும் சடங்கு என்று அதற்கு விளக்கம் வேறு. பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன் செத்துப்போனான், உடனே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகவில்லை. நீதிமன்றம் சங்கத்தையே குற்றவாளி என்று தீர்த்து, பத்து வருஷத்துக்கு அந்த மாநிலத்தில் இயங்கத் தடை போட்டது.

மூன்றாவது வழி, சேவைச் சங்கம். என் சொந்தச் சாய்வு இங்கேதான், மறைக்கவில்லை. ஆல்ஃபா ஃபை ஒமேகா 1925-ல் பென்சில்வேனியாவில் லஃபாயெட் கல்லூரியில் சாரணர் இயக்கத்தின் கொள்கைகளை வைத்துத் தொடங்கியது. தலைமைப் பண்பு, நட்பு, சேவை, மூன்றே சொல். 1976-லிருந்து பெண்களும் உண்டு. பொதுவாக வீடு கிடையாது, சந்தா குறைவு, வேறொரு ஃபிரெட்டர்னிட்டியில் இருப்பவர்களும் சேரலாம். நான் இரண்டாம் வருஷம் இதில் சேர்ந்தேன். என் முதல் வேலை ஒரு உணவு வங்கியின் கிடங்கில். சனிக்கிழமை காலை எட்டு மணி, குளிர், கான்கிரீட் தரை. நன்கொடையாக வந்த டின்களைத் தரம் பிரிக்க வேண்டும். பக்கவாட்டில் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை, விளிம்பில், மூடி ஒட்டும் இடத்தில் நசுங்கியிருந்தால் தூக்கிப் போட வேண்டும், ஏனென்றால் அங்கே காற்றுப் புகுந்து உள்ளே கெட்டிருக்கும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் அந்தக் கிளையின் தலைவி. டின்னை என் கையில் கொடுத்து விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டச் சொன்னாள், பிறகு எனக்குப் பக்கத்திலேயே நின்று மதியம் வரை அதே வேலையைச் செய்தாள். புது ஆள் செய்கிற வேலையைத் தலைவியும் செய்தாள். என் ரூம்மேட்டின் விரலையும் அந்த டின் விளிம்பையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இன்றும் பார்க்கிறேன்.

இதில் குறையும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு அழுகை வந்தால் தட்டுகிற கதவு இங்கே கிடைப்பது கஷ்டம், ஒன்றாகக் குடியிருந்தால்தானே அது வரும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பார்க்கிற நட்பு மெதுவாகத்தான் இறுகும். சில கிளைகளில் சேவை மணிநேரக் கணக்கைக் காட்டினால் போதும் என்று வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதே வரிசையில் தொழில் சார்ந்த சங்கங்களும் உண்டு. பிசினஸ் படிப்பவர்களுக்கு ஆல்ஃபா காப்பா சை, டெல்டா சிக்மா பை, எஞ்சினியரிங்குக்கு தீட்டா டவ். ரெஸ்யூமே, நேர்காணல் பயிற்சி என்று பயன் உண்டு. டவ் பீட்டா பை மாதிரியான கௌரவச் சங்கங்களுக்கு மதிப்பெண் பார்த்து அவர்களே கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் சேரலாம். யாரென்றே தெரியாத கௌரவச் சங்கத்திலிருந்து பணம் கட்டச் சொல்லி மெயில் வந்தால் அழித்துவிடுங்கள்.

நான்காவது, சேராமல் இருப்பது. எல்லாரும் எதிலாவது இருக்கிறார்கள் என்று முதல் செமஸ்டரில் தோன்றும், அது கண்ணுக்குத் தெரிகிற டி-ஷர்ட்டுகளால் வரும் தோற்றம். டார்ம் மாடியில் இருக்கும் நண்பர்கள், தமிழ் மாணவர் சங்கம் இருந்தால் அது, கிரிக்கெட் டீம், பேராசிரியரின் லேப், இவற்றிலேயே நான்கு வருஷத்தை நிறைவாக ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். வில்லியம்ஸ் கல்லூரி 1960-களிலேயே ஃபிரெட்டர்னிட்டிகளை விலக்க முடிவெடுத்தது, போடின் 1997-ல். அங்கே படித்தவர்களுக்கு நண்பர்கள் இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் சேராமல் இருப்பவன் தானாகப் போய்ப் பேச வேண்டும், யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ள பையனுக்கு அது நிஜமாகவே கஷ்டம், அக்கா பையன் அந்த ரகம்தான். அதனால் "எதுவும் வேணாம், ஒழுங்கா படி" என்று சொல்லி போனை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பணக் கணக்கையும் பார்த்தோம். வீடு உள்ள சங்கத்தில் சந்தா மட்டுமில்லை, சேர்ப்புக் கட்டணம், காப்பீடு, டி-ஷர்ட்டுகள், நடன விருந்து, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்று நீளும். இரண்டாம் வருஷம் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும் என்று ஒப்பந்தமும் இருக்கலாம். கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கும் பையன் கல்லூரிக்கு வெளியே நினைத்தபடி வேலை பார்த்து இதைச் சமாளிக்க முடியாது, கல்லூரிக்குள்ளும் படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான். அந்தப் பணம் அக்காவின் சம்பளத்திலிருந்து வர வேண்டும்.

விசாவைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். இந்த நாட்டில் 21 வயசுக்குக் கீழே குடிப்பது சட்டவிரோதம், முதல் வருஷப் பையனுக்கு 18. வெள்ளைக்காரப் பையன் மாட்டினால் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடுவான். இவன் மாட்டினால், அதுவும் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கென்றால், விசாவையே ரத்து செய்ய முடியும். ஆனால் இந்தப் பயத்தையே காரணமாக வைத்து யாராவது மயங்கிக் கிடக்கும்போது 911-ஐ அழைக்காமல் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். உதவிக்கு அழைத்தவனை வயசுக்குக் கீழே குடித்த குற்றத்திலிருந்து காப்பாற்றும் சட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அழைக்கத்தான் வேண்டும். "மாப்ளை, நீ போன் போட்டு அதனால விசா போனா, நான் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறேன், ஊருக்குப் போய் படி" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டான். ஒரு வழி இப்போது சுலபமாகியிருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஹேசிங் செய்ததாக உறுதியான சங்கங்களின் பட்டியலைக் கல்லூரிகள் இணையத்தில் வெளியிட வேண்டும். கல்லூரிப் பெயரோடு ஹேசிங் அறிக்கை என்று தேடினாலே கிடைக்கும். அப்புறம், ரஷ் நடக்கும்போது பார்க்கும் வீட்டை நம்பாதே, செவ்வாய்க்கிழமை மதியம் சொல்லாமல் போய்ப் பார் என்றேன். சமையலறைத் தொட்டி எப்படி இருக்கிறது, அதைத் தேய்த்துக்கொண்டிருப்பது யார், எல்லாருமா அல்லது புது ஆட்கள் மட்டுமா என்று பார். போன வருஷம் பிளெட்ஜாக இருந்து பாதியில் விட்டுவிட்டுப் போன ஒருத்தனைத் தேடிப் பிடித்துப் பேசு, உள்ளே இருக்கிறவன் நல்லதைத்தான் சொல்வான். கடைசியாக, பிட் கொடுத்தவர்களிடமே நேராகக் கேள்: எட்டு வாரத்தில் என்னென்ன செய்ய வேண்டும், எந்த நாள் எத்தனை மணிக்கு முடியும், ஏதாவது ஒன்றை நான் செய்யமாட்டேன் என்றால் என்ன ஆகும்? நல்ல கிளை அட்டவணையை எடுத்துக் கையில் கொடுக்கும். இந்த மூன்று கேள்விக்குச் சங்கடப்படுகிற இடத்தில் சேராதே, அவர்கள் எவ்வளவு பிரியமாகப் பேசினாலும் சரி.

என் வரிசையையும் கேட்டான், சொன்னேன். முதல் வருஷம் சேவைச் சங்கம். இரண்டாம் வருஷமும் வீடு, சகோதரர்கள் என்ற ஆசை இருந்தால், பிளெட்ஜ் காலம் இல்லாத அல்லது அதைத் திறந்து காட்டுகிற பழைய சங்கம் ஏதாவது அந்த வளாகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. தெற்காசியச் சங்கம் மூன்றாவது, அதுவும் அந்தக் குறிப்பிட்ட கிளையில் இருக்கும் ஐந்தாறு பேரைப் பொறுத்தது, அங்கே ஒரே ஒரு மோசமான சீனியர் இருந்தாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. இப்போது பிட் கொடுத்திருக்கும் வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதை அவன்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் போய்க் கேட்டிருக்கிறான். ரஷ் பொறுப்பாளர் இவன் தோளில் கைபோட்டு, "அதெல்லாம் உள்ளே வந்தாத்தான் தெரியும், அதுதான் அதோட அழகே" என்றாராம். மற்றபடி ரொம்ப நல்லவிதமாகப் பேசினார்களாம், பீட்சாகூட வாங்கிக் கொடுத்தார்களாம். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பிவிட்டு எனக்குப் போன் பண்ணினான். குரல் இறங்கியிருந்தது, புதன்கிழமை கேட்ட சந்தோஷம் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மறுபடி ஒரு மெசேஜ். சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு பஸ், உணவு வங்கி டவுனுக்கு அந்தப் பக்கம், கையுறை அங்கேயே கொடுப்பார்களா அல்லது வாங்கிக்கொண்டு போக வேண்டுமா மாமா?